மைக் சத்தமா கேக்குது, ஆனா பேச்சு புரியலையா? பின் வரிசை வரைக்கும் வார்த்தை தெளிவா போய்ச் சேர முழு வழிகாட்டி

காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு சுத்துவட்டாரத்துல மண்டபம், கோயில் திடல், ஸ்கூல் ஆண்டு விழான்னு மைக் செட் போட்டுட்டு வர்றேன். புதுசா வேலைக்கு வர்ற பசங்க எல்லாரும் ஒரே எடத்துல தான் தடுமாறுறாங்க. பின்னாடி உக்காந்திருக்கற பெரியவர் ஒருத்தர் "சத்தம் நல்லா தான் கீது, இன்னா சொல்றாருன்னு தான் புரியல"ன்னு சொல்வாரு, உடனே பையன் கை வால்யூமுக்கு போகும், சத்தம் ஏறும், இன்னும் புரியாது, மறுபடி ஏத்துவான், கடைசியில மைக் ஊளையிடும்.

பேச்சு புரியாம போறதுக்கு நாலு காரணம் இருக்கு. சுத்தி இருக்கற இரைச்சல், தூரம், எதிரொலி, அப்புறம் குரல்ல எந்த பகுதி தூக்கலா இருக்குங்கறது. கீழ இருக்கற வரிசையிலயே செய்ங்க. மைக்ல கோட்டை விட்டத ஈக்யூல (மிக்ஸர்ல கனமான சத்தம், கீச்சு சத்தம்னு தனித்தனியா ஏத்தி இறக்கற குமிழ்ங்க) சரி பண்ண முடியாது, எதிரொலிய வால்யூம்ல சரி பண்ண முடியாது.

## 1. காது எதை வச்சு வார்த்தைய புடிக்குது

இத புரிஞ்சுக்காம மிக்ஸர் பக்கம் போகாதீங்க, இனி சொல்ற எல்லாத்துக்கும் காரணம் இங்க தான் இருக்கு.

ஆ, ஈ, ஓ மாதிரி உயிர் சத்தங்க தான் பேச்சுல பலமா வரும், அந்த பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு கீழ (ஹெர்ட்ஸ்னா சத்தம் கனமா கீச்சான்னு சொல்ற அளவு, நம்பர் ஏறினா கீச்சு ஏறும்). ஆனா இது எந்த வார்த்தைன்னு காட்டிக்குடுக்கறது க, ச, ட, த, ப இதுங்க தான். இதுங்க சன்னமா, கண் சிமிட்டுற நேரத்துல வந்துட்டு போயிடும். இதுங்கள பிரிச்சுக் காட்டுற விஷயம் பெரும்பாலும் 1000ல இருந்து 4000 ஹெர்ட்ஸுக்குள்ள, 'ஸ' மாதிரி சீறுற சத்தம் அதுக்கும் மேல. பழைய லேண்ட்லைன் போன்ல 300ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் தான் அனுப்புவாங்க, பேச்சு நல்லாவே புரியும், ஆனா புது பேர் ஒன்னு சொன்னா 'ஸ'வா 'ஃப'வான்னு திருப்பி கேக்க வேண்டி வரும். அந்த சீறல் லைன்லயே வெட்டுப்பட்டு போறது தான் காரணம்.

அடுத்தது மௌனம். 'பட்டம்'னு மெதுவா சொல்லிப் பாருங்க. 'ட்ட' வர்ற எடத்துல நாக்கு அடைச்சு ஒரு துளி நேரம் சத்தமே இருக்காது. 'படம்'ல அந்த இடைவெளி இல்லாத மாதிரி தான். எதிரொலிக்கற ஹால்ல முன்னாடி வந்த 'ப' சத்தத்தோட வால் அந்த மௌனத்த நிரப்பிடும், பட்டம் படமா கேக்கும். கட்டை கடை ஆயிடும், பாட்டு பாடு ஆயிடும். பேச்சு ஒரு செகண்டுக்கு சுமாரா நாலு தடவ ஏறி ஏறி இறங்குது, அந்த பள்ளத்த இரைச்சலோ எதிரொலியோ மூடிடுச்சுன்னா புரியறது போச்சு. இன்ஜினியருங்க பேச்சுத் தெளிவ அளக்கற எஸ்டிஐ கணக்கும் இதையே தான் பாக்குது, அந்த ஏத்த இறக்கத்துல எவ்வளவு மிஞ்சி இருக்குன்னு 0ல இருந்து 1 வரைக்கும் மார்க். 0.6க்கு மேல நல்லா புரியும், 0.75க்கு மேல பிரமாதம்.

மூணாவது நம்ம பாஷைக்கே உள்ளது. தமிழ்ல விஷயம் வாக்கியத்தோட கடைசியில தான் உக்காந்திருக்கு. நடக்கும், நடக்காது, வந்தான், வரல எல்லாமே வால்ல வருது, பேசறவங்க மூச்சும் குரலும் இறங்கறதும் அங்க தான். பாலாத்துப் பக்கம் ஒரு கிராமத்துல நான் குழாய் ஸ்பீக்கர் கட்டி இருந்தப்போ "ஞாயித்துக்கிழமை கண் கேம்ப் நடக்காது"ன்னு சொன்னாங்க, தெரு முனையில இருந்தவங்களுக்கு "ஞாயித்துக்கிழமை கண் கேம்ப்" வரைக்கும் தான் கேட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில வயசானவங்க ஏழெட்டு பேர் வந்து வெயில்ல உக்காந்திருந்தாங்க. அது என் மனசுல அப்படியே நிக்குது, அதுக்கப்புறம் தான் இதெல்லாம் ஒழுங்கா கத்துக்கணும்னு உக்காந்தேன்.

## 2. கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்து வச்சுக்க வேண்டியது

- சவுண்ட் மீட்டர் ஆப் போட்ட போன். அது காட்டுற நம்பர் அப்படியே சரின்னு எடுத்துக்காதீங்க, ரெண்டு எடத்துக்கு உள்ள வித்தியாசத்த பாக்க போதும்.
- அளக்கற டேப், அடிக்கணக்கு போட்டது.
- மைக்குக்கு பஞ்சு உறை.
- கூடுதலா ரெண்டு சின்ன ஸ்பீக்கர் பாக்ஸ், முடிஞ்சா டிலே வசதி (சத்தத்த ஒரு துளி தாமதமா அனுப்பறது) உள்ள மிக்ஸர்.
- எழுதின வார்த்தை லிஸ்ட், அந்த லிஸ்ட்ட பார்க்காத ஒரு ஆளு.

கடைசியா சொன்னத தான் எல்லாரும் விட்டுடறாங்க.

## 3. "ஹலோ ஹலோ ஒன் டூ த்ரீ"ய விட்டுட்டு வார்த்தை லிஸ்ட் போடுங்க

'ஹலோ'ல இருக்கறது பெரும்பாலும் உயிர் சத்தம், அது எந்த ஓட்டை பாக்ஸ்லயும் கேக்கும். அதுவும் அடுத்து என்ன வரும்னு எல்லாருக்கும் தெரியும், அதனால காது கேக்கலைன்னாலும் மூளையே நிரப்பிடும். சத்தம் வருதான்னு பாக்க ஹலோ போதும், புரியுதான்னு பாக்க உதவாது.

ஒரு எழுத்தோ வாலோ மட்டும் மாறுற ஜோடிங்களா எடுத்து கலைச்சு போட்டு 20 வார்த்தை எழுதுங்க: படம் பட்டம், கடை கட்டை, பல் பால், தலை தழை, மனம் மணம், வரும் வராது. நம்பரும் போடுங்க, இருபது அறுபது எழுபது, முந்நூறு ஐந்நூறு எண்ணூறு. கோயில் ஏலத்துல சண்டை வர்றதே இந்த நம்பருங்கள தப்பா கேட்டு தான்.

ர, ற ஜோடி வேணாம், நம்ம பேச்சுல ரெண்டும் ஒன்னா ஆயிடுச்சு. ழ வர்ற ஜோடி போட்டா படிக்கறவர் ழ-வ சுத்தமா சொல்றவரான்னு நேர்ல ஒரு தடவ கேட்டுக்கங்க, நம்ம பக்கம் நெறைய பேர் வாழப்பழத்த வாயப்பயம்னு தான் சொல்றோம், அதுக்கு பாக்ஸ குத்தம் சொல்ல முடியாது.

வார்த்தைய தனியா படிக்க விடாதீங்க. "இப்போ சொல்றது பட்டம்", "இப்போ சொல்றது கடை"ன்னு படிக்கணும். முன்னாடி வர்ற வார்த்தையோட எதிரொலி அடுத்த வார்த்தை மேல விழணும், நிஜ பேச்சுல அது தானே நடக்குது. கேக்கறவர் பின் வரிசையில உக்காந்து கேட்டத எழுதணும். எதையும் தொடறதுக்கு முன்னாடி இந்த மார்க்க குறிச்சு வச்சுக்கங்க.

## 4. முதல்ல இரைச்சல கொறைங்க

குரல் இரைச்சல விட 15 டெசிபல் (சத்தத்தோட பலத்த அளக்கற அலகு) மேல இருந்தா காது நிம்மதியா கேக்கும். 10ன்னா சமாளிக்கலாம். ரெண்டும் சமமா வந்துட்டா கவனிச்சு கேட்டு பாதிய யூகிக்க வேண்டியது தான், காது மந்தமா உள்ள பெரியவங்களுக்கு அதுவும் முடியாது.

இரைச்சல்ல 5 டெசிபல் கொறைச்சா குரல 5 டெசிபல் ஏத்தின பலன், அதுல ஊளை பயமும் கெடையாது. ஜெனரேட்டர கட்டடத்துக்கு பின்பக்கம் சுவத்து மறைவுல வைக்க சொல்லுங்க, மேடைக்கு மேல ஓடற ஃபேன நிறுத்துங்க (மைக் அந்த காத்தையும் சேர்த்து தான் புடிக்கும்), சாப்பாட்டு ஹாலுக்கு போற கதவ சாத்துங்க. வேலூர் வெயில்ல ஜனங்க மேல இருக்கற ஃபேன நிறுத்த சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது, அத கணக்குல எடுத்துக்கிட்டு பாக்ஸ கிட்ட கொண்டு போகணும்.

## 5. மைக்: நாலு விரக்கடை தூரம்

தூரம் ரெண்டு மடங்கு ஆனா குரல் 6 டெசிபல் இறங்கும். வாயில இருந்து 5 சென்டிமீட்டர்ல இருந்த மைக் 20 சென்டிமீட்டருக்கு போச்சுன்னா 12 டெசிபல் போச்சு, ஆனா ஃபேன் சத்தமும் பாக்ஸ்ல இருந்து திரும்பி வர்ற சத்தமும் அப்படியே இருக்கு. மேடைப் பேச்சுல பாதி பிரச்சனை இங்க தான், பேசறவர் கையில மைக்க நெஞ்சு கிட்ட புடிச்சுக்கிட்டு கூட்டத்த பாத்து பேசுவாரு.

அதுக்குன்னு உதட்டுல ஒட்ட வைக்கறதும் தப்பு. கையில புடிக்கற மைக்குங்க வாய்க்கு ரொம்ப கிட்ட போனா கீழ்ச்சத்தம் தானா ஏறிக்கும், குரல் பானைக்குள்ள பேசற மாதிரி ஆயிடும். 'ப' சொல்றப்போ காத்து நேரா மைக்ல அடிக்கும். நாலு விரக்கடை தூரம், வாய்க்கு நேரா இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல. மைக் தலைய உள்ளங்கையால மூடி புடிச்சா சீக்கிரமே ஊளையிடும், இத பேசறவர்கிட்ட மரியாதையா முன்னாடியே சொல்லிடுங்க, "அண்ணே, இங்க புடிச்சுக்கங்க"ன்னு கையில குடுக்கறப்போவே காட்டிட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

பேசாத மைக்க எல்லாம் மூடுங்க. தெறந்திருக்கற மைக் ரெண்டு மடங்கு ஆகறப்போ எல்லாம் ஊளை வர்றதுக்கு முன்னாடி கெடைக்கற அளவு 3 டெசிபல் கொறையும். மேடையில நாலு மைக் தெறந்து கெடந்தா 6 டெசிபல் வீண்.

## 6. பாக்ஸ் எங்க வைக்கணும்

பாக்ஸ தரையில வச்சா முன் வரிசை ஆளுங்க உடம்புலயே மெய்யெழுத்து பூரா நின்னுடும், கீழ்ச்சத்தம் மட்டும் சுத்திக்கிட்டு பின்னாடி போகும். காரணம் இது தான், உயர் சத்தம் நேர்கோட்டுல போகும், எதுவும் மறைச்சா நின்னுடும். அதனால ஸ்டாண்டுல உக்காந்திருக்கறவங்க தலைக்கு மேல தூக்கி, முகத்த பின்பக்க ஜனங்கள பாத்து லேசா கீழ சாய்ச்சு வைங்க. எதிர் சுவத்தையும் கூரையையும் பாத்து இருந்தா நீங்களே காசு குடுத்து எதிரொலி வாங்கற மாதிரி.

காலம் பாக்ஸ் (தூண் மாதிரி நீளமா ஒல்லியா இருக்குமே) கெடைச்சா மண்டபத்துக்கு அது தான் என் சாய்ஸ். நிக்க வச்சா சத்தம் பக்கவாட்டுல விரியும், மேலயும் கீழயும் அதிகம் போகாது, கூரை தப்பிக்கும். எடமில்லைன்னு படுக்க வச்சா எல்லாம் தலைகீழ், ஜனங்களுக்கு போக வேண்டியது கூரைக்கு போயிடும்.

நீளமான எடத்துல முன்னாடி இருக்கறத சத்தமா வைக்காம நடுவுல ரெண்டு சின்ன பாக்ஸ் வைங்க. இங்க தான் டிலே வேணும். ஒயர்ல போற சத்தம் உடனே போயிடும், காத்துல வர்றது செகண்டுக்கு சுமாரா 350 மீட்டர் தான் (நம்ம ஊர் வெயிலுக்கு). டிலே போடலைன்னா பின்னாடி இருக்கறவருக்கு ஒரே வார்த்தை ரெண்டு தடவ கேக்கும். கணக்கு ரொம்ப சுலபம், மேடை பாக்ஸ்ல இருந்து நடு பாக்ஸுக்கு எத்தனை அடியோ அத்தனை மில்லிசெகண்ட் வைங்க. 80 அடின்னா 80. நிஜத்துல 80 அடிக்கு 70 மில்லிசெகண்ட் தான் ஆகும், மிச்சம் 10 வேணும்னே விடறோம், மேடை சத்தம் ஒரு துளி முன்னாடி வந்தா தான் காது 'பேச்சு மேடையில இருந்து வருது'ன்னு எடுத்துக்கும், கிட்ட இருக்கற பாக்ஸ் தெளிவ மட்டும் குடுக்கும்.

தெருவுல குழாய் கட்டறப்போவும் இதே விஷயம். திரௌபதியம்மன் கோயில் பாரத உற்சவத்துக்கு ஊர் பூரா மூலைக்கு ஒன்னா புளியமரத்துல கட்டுவாங்க, எல்லாம் ஒன்ன ஒன்னு பாத்துக்கிட்டு இருக்கும். நூறு அடி வித்தியாசத்துல வர்ற ரெண்டு குழாய் சத்தம் கிட்டத்தட்ட 90 மில்லிசெகண்ட் முன்ன பின்ன வந்து சேரும், 50க்கு மேல போனாலே அடுத்த எழுத்து மேல விழ ஆரம்பிச்சுடும். ஒரே கம்பத்துல முதுகு முதுகா கட்டி வெளிய பாக்க திருப்பி விடுங்க. பிரசங்கம் பண்றவர் ராத்திரி கூத்துல என்ன நடக்கப் போகுதுன்னு கதைய சொல்லிக்கிட்டு இருக்காரு, அது புரியலைன்னா ஜனங்க எதுக்கு உக்காரணும்?

## 7. காலி மண்டபத்துல செட் பண்ணிட்டு நம்பிடாதீங்க

கிரானைட் தரை, பெயிண்ட் சுவர், காங்கிரீட் கூரை, நம்ம மண்டபம் பூரா இப்படி தான். ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். 20 மீட்டர் நீளம், 12 அகலம், 5 உயரம்னா கொள்ளளவு 1200 கன மீட்டர், தரை சுவர் கூரை எல்லாம் சேர்த்து 800 சதுர மீட்டர். இந்த மாதிரி கெட்டித் தளம் சத்தத்த நூத்துல அஞ்சு பங்கு தான் உறிஞ்சுதுன்னு வச்சுக்கிட்டா உறிஞ்சுற பரப்பு 40. எதிரொலி அடங்கற நேரத்துக்கு சூத்திரம் 0.161 பெருக்கல் கொள்ளளவு வகுத்தல் உறிஞ்சுற பரப்பு. 193 வகுத்தல் 40, அஞ்சு செகண்ட் கிட்ட வருது! பேச்சுக்கு ஒரு செகண்ட் ஒட்டி இருந்தா நல்லது.

இப்போ 300 பேர் வந்து உக்காந்தா ஆளுக்கு சுமாரா 0.45ன்னு உறிஞ்சுற பரப்பு 135 கூடும். 193 வகுத்தல் 175, ஒரு செகண்டுக்கு கொஞ்சம் மேல. அதே மண்டபம் தான், ஜனங்க உடம்பும் துணியும் தான் வித்தியாசம்.

அதனால காலியா இருக்கறப்போ கேவலமா கேட்டா பயந்து ஈக்யூவ கண்டபடி திருப்பாதீங்க. தலைகீழாவும் நடக்கும், முகூர்த்தம் முடிஞ்சு ஜனங்க பந்திக்கு போனதும் எதிரொலி திரும்பி வந்துடும், அப்போ தான் வாழ்த்துரை ஆரம்பிப்பாங்க. அந்த நேரம் வால்யூம கொறைச்சு, இருக்கறவங்கள முன்னாடி வர சொல்லுங்க.

பின் சுவத்துல கனமான திரையோ ஜமக்காளமோ மடிப்பு மடிப்பா, சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளி தொங்க விட்டா உதவும். மெல்லிசு ஷாமியானா துணிக்கு பெருசா பலன் இல்ல. துணி கீழ்ச்சத்தத்த உறிஞ்சாது, அத அடுத்த படியில மிக்ஸர்ல தான் வெட்டணும்.

## 8. ஈக்யூ: வெட்டறது முதல்ல, ஏத்தறது கடைசியில

120 ஹெர்ட்ஸுக்கு கீழ பேச்சு மைக்ல வெட்டிடுங்க, பெண்கள் குரல்னா 150 வரைக்கும் போகலாம். ஆம்பள குரலோட அடிச்சத்தம் சராசரியா 100ல இருந்து 120க்குள்ள, பெண் குரலுக்கு 200 கிட்ட. அடிச்சத்தம் கொஞ்சம் போனா குரல் மாறிடுமேன்னு பயம் வேணாம், மேல இருக்கற அடுக்குகள வச்சு காதே அத கட்டிக்கும், 300க்கு கீழ எதுவும் இல்லாத போன்ல அப்பா குரல் அப்பா குரலா தானே கேட்டுச்சு.

கீழ வெட்டறதுக்கு காரணம் இது தான்: பலமான கீழ்ச்சத்தம் தனக்கு மேல இருக்கற மெல்லிசான சத்தத்த காதுக்குள்ளயே மூடும், மேல் சத்தம் கீழ இருக்கறத அந்த அளவுக்கு மூடாது. பேஸ் பாக்ஸ பேச்சுக்கு முழுசா நிறுத்துங்க. பாட்டுக்கு வச்ச செட்டிங்லயே தலைவர பேச விடறது நான் அதிகமா பாக்கற தப்பு.

அப்புறம் 250ல இருந்து 400க்குள்ள எங்க பானைச் சத்தம் வருதோ அங்க ஒரு 3 டெசிபல் இறக்குங்க. இவ்வளவும் செஞ்சும் மங்கலா இருந்தா மட்டும் 2000ல இருந்து 4000க்குள்ள 2, 3 டெசிபல் ஏத்துங்க. அதிகமா ஏத்தினா காது குத்தும், ஊளையும் அந்த பக்கம் தான் வரும். ஊளை வந்தா அந்த ஒரு புள்ளிய மட்டும் மெல்லிசா வெட்டுங்க, ட்ரெபிள் குமிழ மொத்தமா கொறைச்சா ஊளையோட சேர்ந்து ச, ட, த எல்லாமே போயிடும்.

## 9. எக்கோ ஆஃப், கம்ப்ரஸர் அளவா

எக்கோ பட்டன் பாட்டுக்கு. பேச்சுக்கு அது படி 1ல சொன்ன மௌனத்த நிரப்பற வேலைய தான் செய்யும். கேக்க கம்பீரமா இருக்குன்னு சில பேர் வற்புறுத்துவாங்க, மேடை மானிட்டர்ல (பேசறவர் பக்கம் திருப்பி வச்ச பாக்ஸ்) மட்டும் துளி குடுத்துட்டு ஜனங்க பக்கம் நிறுத்திடுங்க.

கம்ப்ரஸர் (பலமா வர்ற சத்தத்த மட்டும் தானா அமுக்கற வசதி) நம்ம வாக்கிய வாலுக்கு உதவும். அமுக்கற விகிதம் 3க்கு 1, கத்தற எடத்துல 6 டெசிபல் கொறையற மாதிரி வச்சுட்டு, கொறைஞ்ச அளவ பார்த்து கொஞ்சம் தூக்கினா "நடக்காது"ல இருக்கற 'காது' மேல வந்து நிக்கும். அதுக்கு மேல அமுக்கினா ஃபேன் சத்தமும் சேர்ந்து ஏறும்.

## 10. எவ்வளவு சத்தம் போதும்

ஒரு மீட்டர் தள்ளி சாதாரணமா பேசினா 60 டெசிபல். ஃபேன் ஓடற ஹால் 55ன்னா பின் வரிசையில 70 வந்தா போதும். 80 தாண்டினா காதுக்குள்ளயே ஒன்ன ஒன்னு மூட ஆரம்பிக்கும், புரியறது கொறைய தான் செய்யும்.

சட்டமும் இருக்கு. 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துல அனுமதி வாங்கணும், வெளியிடத்துல ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் பொதுவா கூடாது, ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட்ட சுத்தி கொறைஞ்சது 100 மீட்டர அமைதிப் பகுதின்னு அரசு அறிவிக்கலாம்.

## 11. பேசறவர்கிட்ட ரெண்டு வார்த்தை

வேகத்த கொறைக்க சொல்லுங்க, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு மூச்சு விட்டா முன்னாடி சொன்னதோட எதிரொலி அடங்கும். கடைசி வார்த்தைய இறக்காம சொல்ல சொல்லுங்க. நாள், நேரம், தொகை இதெல்லாம் ரெண்டு தடவ, ரெண்டு விதமா: "எழுபது, ஏழு சைபர்". கேம்ப் விஷயத்துக்கு அப்புறம் நான் அறிவிப்பு எழுதிக் குடுக்கறவங்ககிட்ட 'நடக்காது'ன்னு வாலுல மட்டும் வைக்காம "கேம்ப் ரத்து. ஞாயித்துக்கிழமை நடக்காது, யாரும் வர வேணாம்"னு எழுத சொல்றேன்.

## 12. மறுபடி அதே டெஸ்ட்

லிஸ்ட்ட வேற வரிசையில கலைச்சு, ஜனங்க பாதி வந்ததுக்கப்புறம் மூணு எடத்துல எழுத வைங்க: பின் மூலை, ரெண்டு பாக்ஸுக்கும் நடு, தூணுக்கு பின்னாடி. 20க்கு 18 வந்தா விட்டுடலாம். கொறைஞ்சா எந்த ஜோடி தப்புன்னு பாருங்க, அதுவே எங்க கோளாறுன்னு சொல்லிடும். பட்டம் படமா போனா எதிரொலி, படி 6க்கும் 7க்கும் போங்க. மனம் மணம் மாதிரி ஜோடி குழம்பினா மேல் சத்தம் பத்தல, பாக்ஸ யாரோ மறைக்கறாங்களான்னு பாத்துட்டு படி 8. வரும், வராது தப்பினா வால் இறங்குது, படி 5ம் 9ம். எல்லாமே தாறுமாறா தப்பினா இரைச்சல் தான், போய் அந்த ஜெனரேட்டர் எங்க நிக்குதுன்னு பாருங்க.